"சும்மா பூச்சு வேலைதான் சார்"



போன வாரம் அண்ணனூர் ஸ்டேஷனில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். "இப்ப எங்கப்பா வேலை?" என்றேன். "அம்பத்தூர் எஸ்டேட்ல கோட்டிங் கம்பெனி சார். சும்மா பூச்சு வேலைதான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். அந்தச் "சும்மா" என்னை உறுத்துகிறது. துருப்பிடித்தல் பாடத்தில் பெயிண்ட், கிரீஸ், துத்தநாகப் பூச்சு என்று மூன்று வரியில் முடித்த வாத்தியார் நான்தானே! ரயில் வந்துவிட்டதால் அவனிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

திருச்சி ஆர்.இ.சி.யில் படித்த கே.ஆர். ஸ்ரீதர் 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ளூம் எனர்ஜியைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். எரிவாயுவைக் கொளுத்தாமலே மின்சாரம் எடுக்கும் எரிபொருள் செல் அவர்களுடையது. இந்த வகை செல் ஒன்று ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தரும். அதனால் பல செல்களை அடுக்கி, நடுநடுவே உலோகத் தகடு வைப்பார்கள். பல இடங்களில் அந்தத் தகடு ஒருவகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். ஒரு பக்கம் எரிவாயு, மறுபக்கம் காற்று, சூடு 700, 800 டிகிரி.

வீட்டில் எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதிலுள்ள குரோமியம். அந்தச் சூட்டில் அதுவே பகையாகிவிடுகிறது. தகட்டின் மேல் குரோமியம் ஆக்சைடு தடிக்கத் தடிக்க மின்சாரம் தடைப்படும். போதாததற்கு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து குரோமியம் ஆவியாகி, காற்றுப் பக்க மின்முனையில் படிந்து அதைக் கெடுக்கும். மருந்து என்ன? மாங்கனீசு, கோபால்ட் கலந்த ஆக்சைடுப் பூச்சு, தலைமுடியைவிட மெல்லிசாக. மின்சாரத்தை விடும், குரோமியத்தை மறிக்கும். செல் 40,000 மணி நேரமாவது, அதாவது நாலரை வருஷம், உழைக்க வேண்டும் என்பார்கள். பூச்சில் விரிசல் விட்டால் அந்தக் கணக்கு நடக்காது.

அந்தக் காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவரின் வேலையும் இதே இனம்தான். ஈயம் போன பாத்திரத்தில் அம்மா புளிக்குழம்பு வைக்க மாட்டாள். ஆனாலும் அவரை யாரும் திண்ணையில் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. அதே மனசுதான் இன்றும் இருக்கிறது; கண்டுபிடித்தவருக்கு மாலை, பூசுகிறவனுக்கு "சும்மா".

காரைக்குடி செக்ரியில் அரிமானத்தையும் மின்வேதியியலையும் 1953 முதல் ஆராய்கிறார்கள். அந்த அறிவு தொட்டியருகே நிற்கும் பையனுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் கட்சி. குரோம் முலாம் தொட்டியின் ஆவி நுரையீரலுக்கு எவ்வளவு கேடு என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதலாளிமார்களே, காற்றுறிஞ்சியும் முகமூடியும் சலுகையல்ல.

தம்பி, இதைப் படித்தால் உங்கள் கம்பெனியில் எத்தனை மைக்ரான் பூசுகிறீர்கள், எதை வைத்து அளக்கிறீர்கள் என்று கீழே எழுது. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.