தாய்மொழிக்கு எதற்குக் காசு?

என் சம்பளச் சீட்டில் ‘லாங்குவேஜ் அலவன்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. அது நான் பேசும் ஸ்பானிஷுக்கு. அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நான் பேசும் தமிழுக்குச் சல்லிக்காசு கிடையாது. ஹைதராபாத் மாதாப்பூரில் எத்தனையோ கண்ணாடிக் கட்டடங்களில் இதுதான் வழக்கம் என்கிறார்கள். வழக்கம் என்றால் வயிறு எரியக்கூடாதா?

எங்கள் மாடியில் உலகம் முழுவதையும் கூறுபோட்டுப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா சேர்ந்த எமியா ஒரு பக்கம், ஆசிய-பசிபிக் என்ற ஏபேக் ஒரு பக்கம். நான் லாட்டாம், அதாவது லத்தீன் அமெரிக்கா. லிமாவில் காலை ஒன்பது மணி ஆகும்போது இங்கே இரவு ஏழரை. ஐயப்பா சொசைட்டி ஹாஸ்டலில் மற்றப் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு வரிசை கட்டும்போது நான் கேப் ஏறிக்கொண்டிருப்பேன். ஷிஃப்ட் சூடுபிடிக்கும் முன்பே பக்கத்து வரிசையிலிருந்து குரல் வரும். “ஏ மதராஸி, தமிழ்நாட்டு கஸ்டமர், இங்கிலீஷ் வரல, கொஞ்சம் பேசிடு.” பேசுவேன். அது என் கணக்கில் அழைப்பாகக்கூட ஏறாது. அதற்குப் பெயர் ‘ஹெல்ப்’.

அப்ரைசலில் கேட்டேன். எதிரே இருந்தவர் சிரித்தார். “தமிழ் உன் மதர் டங் தானே? அதைக் கத்துக்க நீ என்ன செலவு பண்ணினே?”

என்ன செலவு என்றா கேட்டீர்கள்? சரி, ஒன்று சொல்லுங்கள். மெக்சிகோவில் பிறந்த ஒருவரை நாளைக்கு இந்த மாடிக்கு வேலைக்கு எடுத்தால், ஸ்பானிஷ் அவர் தாய்மொழிதானே என்று அலவன்ஸை வெட்டுவீர்களா? ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்று சொல்லிக் கூட்டித்தானே கொடுப்பீர்கள்? அவருக்குத் தாய்மொழி தகுதி. எனக்கு அது கையோடு பிறந்த இலவசம்!

தார்நாகாவில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில்தான் ஸ்பானிஷ் படித்தேன். என் பக்கத்துப் பலகையில் இருக்கும் ‘லத்தீன் அமெரிக்கா’ என்ற பெயர் எப்படி வந்தது என்று அங்கே படித்தபோது வெறும் பாடமாகத்தான் இருந்தது. இப்போது அது குத்துகிறது. 1836-இல் மிஷேல் செவாலியே என்ற பிரெஞ்சுக்காரர், அமெரிக்கக் கண்டத்தின் வடக்கை ஆங்கிலோ-சாக்சன், புராட்டஸ்டண்ட் என்றும், தெற்கை லத்தீன், கத்தோலிக்கம் என்றும் பிரித்து எழுதினார். 1856-இல் வில்லியம் வாக்கர் என்ற வடக்கத்திய சாகசக்காரன் நிகராகுவாவைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். அந்த ஆத்திரத்தில், பாரிசில் பேசிய சிலி நாட்டு ஃபிரான்சிஸ்கோ பில்பாவோ ‘லத்தீன் அமெரிக்கா’ என்று முழங்கினார். கொலம்பியரான தோரெஸ் கைசெதோ அதே காலத்தில் அதைக் கவிதையில் ஏற்றினார். அதுவரை நியாயம்தான், அது அடிபட்டவர்களின் குரல்.

பிறகு வந்தான் மூன்றாம் நெப்போலியன். ஸ்பானிய அமெரிக்கா என்று சொன்னால் பிரான்சுக்கு அங்கே என்ன வேலை? லத்தீன் அமெரிக்கா என்றால் கதை மாறிவிடுகிறது. ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், பிரெஞ்சு எல்லாம் லத்தீன் வயிற்றுப் பிள்ளைகள். எனவே பிரெஞ்சுக்காரனும் பங்காளி. பங்காளி உரிமையோடு மெக்சிகோவுக்குப் படை அனுப்பினான். 1864-இல் ஆஸ்திரிய இளவரசன் மாக்சிமிலியானைக் கொண்டுபோய் அரியணையில் உட்காரவைத்தான். 1867-இல் மெக்சிகோக்காரர்கள் அவனைச் சுட்டுப்போட்டார்கள். பில்பாவோவே அந்தப் படையெடுப்பை எதிர்த்து எழுதினார். ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. பிரெஞ்சு பேசும் கியூபெக்கை யாரும் அந்தப் பெயரில் சேர்ப்பதில்லை. மொழிதான் அளவுகோல் என்றால் அதை ஏன் விட்டார்கள்? பெயர் வைப்பவனுக்கு எங்கே வசதியோ அங்கேதான் மொழி எல்லைக்கோடு போடும்.

இந்தப் பங்காளிச் சண்டையில் மண்ணுக்குச் சொந்தக்காரர்களை யார் கேட்டார்கள்? ஆண்டெஸ் மலையில் பல லட்சம் பேர் கெச்சுவா பேசுகிறார்கள். 1770-இல் ஸ்பெயின் அரசன் மூன்றாம் கார்லோஸ், ஸ்பானிஷ் மட்டும் நிலைக்க மற்ற மொழிகள் அழியட்டும் என்று ஆணையிட்டான். 1781-இல், ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்த இரண்டாம் தூபாக் அமாருவை குஸ்கோ சதுக்கத்தில் கொன்றார்கள். கொன்ற கையோடு அவர் மக்களின் உடை, நாடகம், மொழி எல்லாவற்றுக்கும் தடை. பெரு நாடு கெச்சுவாவை ஆட்சிமொழி என்று ஒப்புக்கொள்ள 1975 ஆகவேண்டியிருந்தது. பராகுவே குவாரனியை ஸ்பானிஷுக்குச் சமமாக வைத்தது 1992-இல். எங்கள் மாடியில் இதெல்லாம் எங்கே? ஒரு நாள் பெருவிலிருந்து பேசிய பாட்டி ஒருவர் ஸ்பானிஷில் திக்கித்திக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் வேறு மொழியில் யாரோ அவருக்கு எடுத்துக்கொடுத்தார்கள். அவர் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? அவர் ஊரில், அவர் மலையில்!

நான் காரைக்கால்காரி. ‘லத்தீன் அமெரிக்கா’ என்ற பெயருக்குள் எங்கள் ஆட்களும் புதைந்து கிடக்கிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுக்காரன் கப்பல் கப்பலாகக் கூலிகளை ஏற்றினான். 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ‘ஓரேலி’ என்ற கப்பல் கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவான குவாதலூப் கரையில் அவர்களை இறக்கியது. அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் அந்த ஒரு தீவுக்கு மட்டும் போனவர்கள் 42,000க்கும் மேல். கரும்புத் தோட்டத்தில் செத்தவர் போக மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் கிரியோலும் பிரெஞ்சும் பேசுகிறார்கள். மாரியம்மன் அங்கே ‘மாலியேமேன்’. பூசைப் பாட்டில் மட்டும் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மண்ணில் பிறந்த கூலிகளின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கேட்டு ஆன்றி சிதம்பரம் என்ற மனிதர் 1904 தொடங்கி 1923 வரை மல்லுக்கட்டினார். சிதம்பரம் என்று பெயர் வைத்துக்கொண்டு, ‘நானும் பிரெஞ்சுக் குடிமகன்’ என்று பிரெஞ்சு மொழியில் மன்றாட வேண்டிய நிலை! என் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சைபர் டவர்ஸ் பக்கம் டீக்கடை போட்டிருக்கும் தெலங்கானா அண்ணனிடம், மொழியைச் சாக்கிட்டுப் பெயரும் எல்லையும் போடும் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. 1955-இல் மாநில மறுசீரமைப்புக்கான ஃபசல் அலி ஆணையம் தெலங்கானா இப்போதைக்குத் தனியாக இருக்கட்டும், 1961 தேர்தலுக்குப் பிறகு சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் ஆந்திராவோடு சேரட்டும் என்றுதான் சொன்னது. பேசுவது தெலுங்குதானே, ஒரே மாநிலம் போதாதா என்று 1956-லேயே சேர்த்துவிட்டார்கள். ‘ஆந்திர-தெலங்கானா’ என்று வந்திருக்கவேண்டிய பெயரில் பாதியை வெட்டி ‘ஆந்திரப் பிரதேசம்’ ஆக்கினார்கள். அந்தப் பாதிப் பெயரை மீட்க 2014 வரை ஆனது. சினிமாவில் ரவுடிக்கும் கோமாளிக்கும் மட்டும் தங்கள் பேச்சைக் கொடுத்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. “ஒரே பாஷைன்னு சொல்றவன் எப்பவுமே பெரியவன்மா” என்றார்.

அதே அண்ணனின் பையன் தெலுங்கு கஸ்டமர்களிடம் பேசும் வேலையில் இருக்கிறான். அவனுக்கும் அலவன்ஸ் இல்லை. ‘ரீஜனல்’ என்று ஒரு தட்டில் தள்ளிவிட்டார்கள். எட்டுக் கோடிப் பேர் பேசினாலும் எங்கள் மொழி ரீஜனல். ஒரு கோடி பேர் போர்ச்சுகல்லில் பேசும் மொழி குளோபல். அது எப்படி ஆனது? கப்பலில் பீரங்கி இருந்ததால் ஆனது. அந்தப் பீரங்கிக்கு இன்றைக்கும் மாதாமாதம் என் சம்பளச் சீட்டில் வட்டி கட்டுகிறார்கள்.

தமிழ் அழைப்பை இனி எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடேன் என்கிறாள் அறைத்தோழி. சொல்லலாம்தான். ஆனால் கோவில்பட்டியிலோ திட்டக்குடியிலோ இருந்து ஒரு பெரியவர், பணம் போன இடம் தெரியாமல் தவித்து, “அம்மா, தமிழ் தெரியுமா தாயி?” என்று கேட்டால் நான் எப்படி வைப்பேன்? வைக்கமாட்டேன். அது கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் காசு கொடுக்காமல் வேலை வாங்குகிறார்கள்.