மணவாத் தந்தையின் உரிமை

மணவாது மகப்பெற்ற ஆடவனைத் தந்தையென்றழைக்க உலகம் கூசுகின்றது. அக்கூச்சம் முற்றும் பழிக்கத்தக்கதன்று; மகவைத் தாயின் மடியிலிட்டு அகன்றோர் பலராதலின். ஆயினும், அகலாது நின்றவனையும் அகன்றவனோடு ஒருங்கெண்ணுதல் முறையாமோ என்பதே ஈண்டு நாம் வினவ விழைவது.

அமெரிக்க நாட்டு இல்லினாய் மாகாணத்தில் ஸ்டான்லி என்பார், ஓர் அம்மையாரோடு 18 ஆண்டுகள், இடையிடையே பிரிந்தும் கூடியும், வாழ்ந்து மூன்று மக்களைப் பெற்றனர். திருமணம் மட்டும் நிகழ்ந்திலது. அம்மையார் இறந்தனர். உடனே அம்மாகாணச் சட்டம் மக்களை அரசின் காவலுக்கு உரியராக்கிற்று. மணந்த தந்தையாயின், அவன் தகுதியற்றவனென்று மெய்ப்பித்த பின்னரே மக்களைப் பிரித்தல் கூடும். மணவாத் தாய்க்கும் அவ்வாறே. மணவாத் தந்தைக்கோ விசாரணையே இல்லை! தாயைச் சாவு கொண்டது. தந்தையைச் சட்டம் கொண்டது. இது குற்றத்திற்குத் தண்டமென்றால் தண்டனை பெற்றோர் யார்? அறியாக் குழவிகளன்றோ?

1972ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இதனைத் திருத்திற்று. தகுதியை ஆராயாது மக்களைப் பிரித்தல் அரசியலமைப்பிற்கு மாறானதென ஐவர் தீர்ப்பளித்தனர், இருவர் மறுத்தனர். விசாரணைக்குக் காலமும் பொருளும் செலவாமென்பது அரசின் வாதம். விரைவினும் மேலான பொருள்கள் உளவென்பது தீர்ப்பெழுதிய நீதிபதி ஒய்ட் அவர்களின் விடை. நமக்கு அவ்விடை போதும்.

இனி, குருதித் தொடர்பொன்றே தந்தைமையாகாது என்பதை நாமும் ஒப்புகின்றோம். நாசரேத்தூர்த் தச்சர் யோசேப்பு அத்தொடர்பின்றியே தந்தையாயினார், காத்தமையால் ஆயினார். ஆனால் காக்க முயல்வோனுக்கு வாயில் அடைக்கப்பட்டால்?

நியூயார்க் மாகாணத்தில் 1976இல் பிறந்த பெண்மகவொன்றின் தாய், மகவின் தந்தையாகிய லேர் என்பாரை மணவாது வேறொருவரை மணந்தார். அக்கணவர் மகவைத் தத்தெடுக்க மனுச்செய்தார். மணவாத் தந்தையர் தம் பெயரைப் பதிந்துகொள்ளும் ஏடொன்று அம்மாகாணத்தில் இருந்தது. ஓர் அஞ்சலட்டை விடுத்திருப்பின் தத்தெடுப்புச் செய்தி லேருக்கு எட்டியிருக்கும். அவர் விடுத்திலர். தாய் தம் இருப்பிடத்தை மறைத்தாரென்றும், தாம் தேடியலைந்ததாகவும் அவர் முறையிட்டார். அன்றியும், தத்தாணை பிறக்குமுன்னரே வேறொரு நீதிமன்றத்தில் தம் தந்தைமையை நிலைநாட்ட வழக்கும் தொடுத்திருந்தார். ஆணையிட்ட நீதிபதி அதனை அறிந்துமிருந்தார். எனினும் 1983இல் உச்சநீதிமன்றத்தார் அறுவர், அவருக்கு அறிவித்தல் வேண்டாமென்றே முடிவு செய்தனர்.

வளர்க்க முன்வந்த கணவரும் ஒரு யோசேப்பே என்பாருளர். மெய்தான், அவரை விலக்குக என நாம் கூறவில்லை. மற்றவரையும் கேட்டபின் ஆணையிடுக என்பதே நம் வேண்டுகோள். ஸ்டான்லிக்காகத் தீர்ப்பெழுதிய ஒய்ட் இம்முறை மறுத்தெழுதிய மூவருள் ஒருவர். நாம் அவர் பக்கமே நிற்கின்றோம். அட்டையொன்று வாராமையைக் காட்டி, மனுவோடு வாயிலில் நின்றவரைக் காணார்போலிருத்தல் நீதிமன்றத்திற்கு அழகன்று.