நேரமில்லை என்னும் சொல்லும் பாதியில் நின்ற போர்வையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் இல்லங்களில் அன்றாடம் அதிகமாக ஒலிக்கும் சொல் எது என்று கேட்டால், "நேரமில்லை" என்பதையே சொல்ல வேண்டியிருக்கும். குர்ஆன் ஓத நேரமில்லை. நோயுற்ற உறவினரைப் பார்த்துவர நேரமில்லை. பிள்ளை சொல்வதை முழுமையாகக் கேட்கவும் நேரமில்லை. முன்பு வருத்தத்தோடு சொல்லப்பட்ட இச்சொல் இப்போது ஒருவகைப் பெருமையோடு சொல்லப்படுகிறது. ஓயாமல் ஓடுபவரே பயனுள்ளவர் என்ற எண்ணம் நம்முள் வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் சரிதானா என்பதை ஒரு பழைய பெட்டியை முன்வைத்துச் சிந்திக்க விரும்புகிறோம்.

சென்ற ஷஅபான் மாதத்தில், ரமளானுக்காக வீட்டைத் துப்புரவு செய்தபோது பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கித் திறந்தோம். உள்ளே ஐந்து தையல் வேலைகள் இருந்தன. ராத்தாவின் பேரனுக்கெனத் தொடங்கிய தொட்டில் விரிப்பு. அப்பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறான். பாதிப் பூவோடு நின்ற தலையணை உறைகள் இரண்டு. ஒரு முஸல்லா. குர்ஆனுக்கான துணியுறை ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், மறைந்த வாப்பாவின் கைலிகளைத் துண்டுகளாக்கி உம்மா தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை. "இந்த நோன்பு கழியட்டும், ரெண்டு பேரும் உக்காந்து முடிச்சிடலாம்" என்று உம்மாவிடம் சொல்லி அதை மடித்து வைத்தவர் நாமே. அதன்பின் எட்டு ரமளான்கள் வந்து போய்விட்டன. இதற்குள் உம்மாவின் பார்வை மங்கிவிட்டது. துணியைக் கையால் தடவிப் பார்த்து, "இதை இன்னுமா வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார்கள். அக்கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் நம்மிடம் மறுமொழி இல்லை.

அந்த எட்டு ஆண்டுகளும் நாம் சோம்பி இருந்துவிடவில்லை. மதரஸா வகுப்புகள், தேர்வுத் தாள்கள், உறவினர் வீட்டுத் திருமணங்கள், வாட்ஸ்அப் குழுமங்களில் வரும் கேள்விகளுக்கு மறுமொழிகள் என ஒவ்வொரு நாளும் நிரம்பியே கழிந்தது. அவற்றில் தீய செயல் என்று ஒன்றைக்கூடச் சுட்ட முடியாது. பரபரப்பு நம்மிடம் பாவத்தின் உருவில் வருவதில்லை; நற்செயல்களின் உருவிலேயே வருகிறது. ஆகவேதான் அதை இனங்காண்பது கடினமாக இருக்கிறது.

ஸூரத்துந் நஹ்லின் 92ஆம் வசனத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிவிடும் ஒரு பெண்ணை அல்லாஹ் உவமையாகக் காட்டி, அவளைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறான். அவ்வசனம் உடன்படிக்கைகளையும் சத்தியங்களையும் முறிப்போரைக் குறித்து இறங்கியது. தையல் வேலையைக் குறித்து அன்று. ஆயினும் பெட்டியின் முன் அமர்ந்திருந்தபோது அவ்வுவமை நம்மை விட்டு அகலவில்லை. நாம் நூலைப் பிரிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தாயிடம் கொடுத்த சொல்லை எட்டு ஆண்டுகள் பரணில் ஏற்றி வைத்திருந்தோம்.

தீர்வு என்ன? இன்னும் விரைவாகத் தைப்பதா? இரவுத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஐந்தையும் ஒருசேர முடிப்பதா? முதலில் நமக்கும் அப்படித்தான் தோன்றிற்று. அதுவும் பரபரப்பின் மற்றொரு முகமே என்பது சற்றுப் பிந்தியே புரிந்தது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அச்சமூகத்துப் பெண்கள் பழைய துணிகளைக் கொண்டு ஒட்டுப்போர்வை தைப்பதில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் நடுவிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றிக் கொண்டுவந்து, படிப்படியாக உள்நோக்கித் தைத்துச் சென்று நடுவில் முடிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும், பூ எனப் பொருள்படும் பெயருடைய சிறு துணித்துண்டுகளை மடித்து வைத்துத் தைத்தால்தான் போர்வை நிறைவு பெற்றதாகக் கொள்வார்கள்.

இம்முறையில் நமக்கொரு படிப்பினை இருக்கிறது. அவர்கள் முதலில் எல்லையை அமைத்துவிடுகிறார்கள். வேலை அந்த எல்லைக்குள் அடங்குகிறது. நாமோ எல்லையே இல்லாமல் நடுவிலிருந்து தொடங்கி நாலாபக்கமும் விரிந்துகொண்டே போகிறோம். நம் நாளுக்கு எல்லை இல்லையா? அல்லாஹ் ஏற்கெனவே அமைத்துத் தந்திருக்கிறான். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று ஸூரத்துந் நிஸாவின் 103ஆம் வசனம் கூறுகிறது. ஐந்து வக்துகளும் நம் நாளின் ஓரங்கள். வேலைகளுக்கிடையில் கிடைக்கும் இடுக்கில் தொழுகையை நுழைப்பவருக்கு நேரம் ஒருபோதும் போதுவதில்லை. வக்துகளுக்குள் வேலையை அமைத்துக்கொள்பவருக்கு, எது அதற்குள் கொள்ளும், எது கொள்ளாது என்பது தெளிவாகிவிடும்.

கொள்ளாததை விட்டுவிடுவதும் மார்க்கம் கற்றுத்தருவதே. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. அது ஸைனப் (ரலி) அவர்களுடையது, தொழுது களைத்தால் அதைப் பற்றிக்கொள்வார்கள் என்று கூறப்பட்டது. அதை அவிழ்த்துவிடுமாறும், உற்சாகம் இருக்கும்வரை தொழுது, களைத்தால் அமர்ந்துகொள்ளுமாறும் நபியவர்கள் பணித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. நபியவர்களின் துணைவியார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களே இவர் என்று விளக்கவுரையாளர் பலர் கொள்கின்றனர். தம் கையால் உழைத்து தர்மம் செய்தவர் என்று ஆயிஷா (ரலி) அவர்களால் புகழப்பட்ட பெருமாட்டி அவர். உழைப்புக்கு அஞ்சாதவரிடத்தில்தான் கயிற்றை அவிழ்க்கச் சொல்லப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வணக்கத்திலேயே இவ்வளவு கனிவு காட்டப்பட்டிருக்க, நாம் நமக்கென்று எத்தனை கயிறுகளைக் கட்டி வைத்திருக்கிறோம்!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுப் பெண்களின் ஓய்வின்மைக்கு அவர்களின் ஆர்வம் மட்டும் காரணமன்று. சமையல், பிள்ளைகள், விருந்தினர், முதியோர் என எல்லாப் பொறுப்பையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, "பரபரப்பை விடு" என்று அவருக்கே உபதேசிப்பது நீதியாகாது. நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்றே ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். இதைப் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். ஆண்கள் இந்த ஸுன்னத்தைக் கையில் எடுக்காதவரை, பல இல்லங்களில் பெண்களின் பெட்டிகள் மூடியபடியே இருக்கும்.

நாம் செய்தது சிறிய காரியம்தான். ஐந்தில் மூன்றை விட்டுவிட முடிவு செய்தோம். தொட்டில் விரிப்பையும் தலையணை உறைகளையும் முஸல்லாவையும், தையலையே பிழைப்பாகக் கொண்ட ஒரு சகோதரியிடம் மிச்சத் துணிகளோடு கொடுத்து, முடித்து விற்றுக்கொள்ளும்படி சொன்னோம். பெட்டி காலியாகக் காலியாக மனத்தின் பாரமும் குறைந்தது. குர்ஆன் உறையை எடுத்து வைத்தோம். அதன் முறை பிறகு வரும். போர்வை மட்டும் கைக்கு வந்தது.

அஸருக்குப் பின் அரைமணி நேரம், கைபேசியை மறு அறையில் வைத்துவிட்டு உம்மாவோடு அமர்கிறோம். அவர்களால் இப்போது ஊசியில் நூல் கோக்க முடியாது. ஆகவே மூன்று ஊசிகளில் நூல் கோத்து அருகில் வைத்துவிடுகிறோம். ஒவ்வொரு துண்டையும் தடவி, "இது உங்க வாப்பா பினாங்குலேருந்து கொண்டாந்தது", "இது நீ பொறந்தன்னைக்கு உடுத்தியிருந்தது" என்று சொல்கிறார்கள். எட்டு ஆண்டுகளில் நாம் இழந்தது போர்வையை அன்று, இப்பேச்சுகளைத்தான். உம்மாவின் தையல் கோணலாகப் போகிறது. அவர்கள் உறங்கியபின் பிரித்து நேராகத் தைத்துவிடலாமா என்று ஒருநாள் கை சென்றது. அப்போது அந்த வசனம் நினைவுக்கு வந்தது. கோணல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

போர்வை இன்னும் முடியவில்லை. ஏறக்குறைய ஒரு முழம் எஞ்சியிருக்கிறது. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை மாணவியருக்கு எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறோம். அதன் பொருளை நாள்தோறும் ஒரு சாண் துணியில்தான் கற்றுக்கொண்டோம்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அதில் இருப்பது துணியாக இல்லாமல், பாதியில் நின்ற ஹிஃப்ழாகவோ, நாளைக்கு என்று தள்ளிப்போட்ட ஒரு சந்திப்பாகவோ இருக்கலாம். அதைத் திறந்து பாருங்கள். விடவேண்டியதை நல்ல முறையில் விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் கையில் எடுங்கள். அதற்காகக் காத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே எடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நேரங்களில் பரக்கத் செய்வானாக! தொடங்கிய நன்மைகளை நிறைவு செய்யும் பேற்றையும், சுமக்க இயலாதவற்றை இறக்கி வைக்கும் தெளிவையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.