கடலுக்கும் கணக்கு வேண்டும்

2025-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி மத்திய சர்க்கார் கடல் மீன்பிடிப்பைப் பற்றிப் புதிய விதிகளை வெளியிட்டார்கள். கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரை பரந்து கிடக்கும் இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் தொழில் செய்யும் விசைப்படகுகளும், பெரிய மோட்டார் படகுகளும் அனுமதிச் சீட்டுப் பெற்றே செல்லவேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். சீட்டுக்குக் கட்டணமில்லை, இணையத்தின் வழியே மனுச் செய்து பெறலாம். பாரம்பரிய மீனவருக்கும் சிறு படகுகளுக்கும் சீட்டுத் தேவையில்லை. அன்னிய நாட்டுக் கப்பல்களுக்கு இடமில்லை. இரட்டைமடி இழுப்பதும், மின்விளக்கின் ஒளியைக் காட்டி மீனை மயக்கிப் பிடிப்பதும் விலக்கப்பட்டிருக்கின்றன. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலிடம் தரப்படும் என்றும், இன்ன வகை மீனை இன்ன அளவுக்குக் குறைவாகப் பிடிக்கலாகாது என்று வரையறுக்கப்படும் என்றும் கூறப்பட்டிருக்கிறது.

எழுத்தளவில் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை நல்ல விதிகளே. ஆனால் நமது நாட்டில் விதிகளுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. சீட்டைக் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதே நாம் கவனிக்கவேண்டிய விஷயம்.

கடற்கரையே இல்லாத திருப்பூர்ப் பிரதேசத்தில் வாழ்வோருக்கு இதில் என்ன சிரத்தை என்று சிலர் கேட்கக்கூடும். 1887-ல் கோயமுத்தூர் ஜில்லாவின் வரலாற்று நூலைத் தொகுத்த பிரடெரிக் நிக்கல்ஸன் என்ற அதிகாரியே, 1907-ல் சென்னை மாகாணத்தில் மீன்வளக் காரியாலயத்தைத் தொடங்கி நடத்தியவர். கூட்டுறவுச் சங்கங்கள் வேண்டுமென இந்நாட்டில் முதலில் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அன்னிய ஆட்சியின் உத்தியோகஸ்தராயினும், கிணறு வெட்டக் கடன்பட்ட குடியானவனும் வலை வாங்கக் கடன்பட்ட கடலோடியும் ஒரே கண்ணியில் அகப்பட்டவர்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். இது பழங்கதை. இதைவிட அண்மையில், திருப்பூர் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு.

ஒரு தொழிலைச் சட்டத்தால் ஒழுங்கு செய்வதற்கு மூன்று அங்கங்கள் இன்றியமையாதவை. அனுமதி ஒன்று, வரம்பு மற்றொன்று, கணக்கு மூன்றாவது. நொய்யல் கரையில் முதல் இரண்டும் இருந்தன. சாயப்பட்டறைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உண்டு. கழிவு நீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்ற வரம்பும் உண்டு. ஆனால் எந்தப் பட்டறை எந்த நாளில் எவ்வளவு நீரை எவ்வளவு உப்போடு ஆற்றில் விட்டது என்ற நம்பத்தக்க கணக்கு மட்டும் ஜனங்களின் கைக்கு எட்டவில்லை. 1992-ல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்கென்று எழுந்தது. சாயக் கழிவின் தொட்டியாக முடிந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டை நாடினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழலாகாது என்று 2006-ல் சென்னை ஹைகோர்ட் விதித்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஊர்ஜிதம் செய்தது. அப்பொழுதும் நடப்புத் திருந்தாமையால் 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி ஹைகோர்ட் உத்தரவிட்டது.

அன்று ஒழுங்காய் நடந்தவனுக்கும் நடவாதவனுக்கும் பேதமில்லாமல் போயிற்று. யார் குற்றவாளி என்று பிரித்துக் காட்டக் கணக்கில்லாத இடத்தில் எல்லோர் கதவிலும் பூட்டு விழுவதுதான் நியாயமாகிறது. முதலாளிக்கு நஷ்டம் ஏற்பட்டது மெய். ஆனால் முதலில் பட்டினியைச் சந்தித்தவன் பட்டறைக் கூலிக்காரன். பாழான வயலோ, பட்டறை திறந்த பின்னும் பாழாகவே கிடந்தது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நமது கடலைப் பார்ப்போம்.

1950-களில் நார்வே நாட்டின் உதவியோடு கேரளக் கரையில் விசைப்படகு முயற்சிகள் தொடங்கின. அன்னிய நாடுகளில் இறாலுக்கு விலை ஏற ஏற, கடலடியைச் சுரண்டி இழுக்கும் இழுவைமடி நமது கரைகளெங்கும் பரவிற்று. கட்டுமரக்காரன் விரித்த வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போயிற்று. 1970-களில் கரையோரங்களில் மோதல்கள் மூண்டன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதன் விளைவாகவே 1980-ல் கேரளத்திலும் கோவாவிலும், 1983-ல் தமிழ்நாட்டிலும் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டங்கள் பிறந்தன. சமாதானத்தை நிலைநாட்டவே இவை இயற்றப்பட்டன. மீனைக் காக்கும் நோக்கம் பின்னரே வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி படகுகள் பதிவு செய்யப்பட்டு லைசென்ஸ் பெறவேண்டும். கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கே உரியது. விசைப்படகு காலை 5 மணிக்கு மேல் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்பவேண்டும் என்றும் 1983-ன் விதிகள் கூறின. நடந்தது என்ன? சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பெரிய படகுகள் நாட்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்வது வழக்கமாயிற்று. அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வந்து இழுக்கிறார்கள் என்ற முறையீடு இன்றளவும் ஓயவில்லை. சுருக்குமடியும் இரட்டைமடியும் 2000-ம் வருஷத்து உத்தரவால் தடுக்கப்பட்டன. ஆயினும் அவற்றைப் பற்றிய தகராறு கரையில் ஓயாமல் கோர்ட் ஏறியது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 மணிக்குள், நிபந்தனைகளோடு சுருக்குமடியை இடைக்காலமாக அனுமதித்தது. கரையில் தீர்க்கவேண்டிய வழக்கு டெல்லி வரை சென்றதே ஒழுங்கு முறையின் பலவீனத்திற்குச் சாட்சி.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. பாக் ஜலசந்தியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும், நாட்டுப்படகுகள் நான்கு நாளும் கடலுக்குச் செல்வது என்ற ஏற்பாடு மோதல்களுக்குப் பின் பிறந்து, பல பத்தாண்டுகள் நிலைத்தது. காரணம், இரு தரப்பாரும் கலந்து பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. தானும் சேர்ந்து இயற்றிய விதியை மீனவன் மதிக்கிறான். மேலிருந்து இறங்கிய விதிக்கு வழி தேடுகிறான். இது மீனவனுக்கு மட்டுமே உரிய குணமன்று.

அந்த ஜலசந்தியைப் பற்றி ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நமது பக்கத்துக் கடலடியை இழுவைமடியால் வறண்டுபோகச் செய்த பின், படகுகள் எல்லையைத் தாண்டிச் சென்றன. இலங்கை சர்க்கார் 2017-ல் இழுவைமடியையே சட்டத்தால் தடுத்தார்கள். நமது மீனவர் சிறைப்படுவதும், படகுகள் பறிபோவதும் நம் நெஞ்சைச் சுடுகின்றன. அவர்களுக்காக நாம் குரல் கொடுப்பது கடமை. ஆனால் அக்கரையில் வலையறுந்து நிற்பவனும் யாழ்ப்பாணத்துத் தமிழனே அன்றோ? இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற 2017-ல் தொடங்கிய திட்டம் 2,000 படகுகளை இலக்காகக் கொண்டது. அந்த இலக்கின் அருகிலும் அது செல்லவில்லை. சொந்தக் கடலில் வரம்பு வகுக்காதவன் அயல் கடலில் அவமானப்பட நேர்கிறது.

அடுத்து வரம்பைக் கவனிப்போம். ஒரு படகு இத்தனை டன் மீனே பிடிக்கலாம் என்ற வரையறை நமது கரையில் கிடையாது. இருப்பது நாள் வரம்பு. கிழக்குக் கரையில் 2001 முதல் 45 நாளாக இருந்த தடைக்காலம், 2017 முதல் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளாயிற்று. அந்நாட்களில் மீனவக் குடும்பத்திற்கு ரூ.8,000 நிவாரணம் தரப்படும் என்று 2023-ல் அறிவிக்கப்பட்டது. தடைக்காலத்தை மீனவர் பெரும்பாலும் மதிக்கின்றனர். ஆனால் இரண்டு மாதம் காத்த கடலை மூன்றாம் மாதம் பெரும் எந்திரங்களைக் கொண்டு வழித்தெடுத்தால் காத்ததன் பயன் யாது?

நியூஸீலந்து 1986-லும், ஐஸ்லாந்து 1990-லும் படகுக்கு இவ்வளவு என்ற பங்கீட்டு முறையை விரிவாக அமுல் செய்தன. அதை அப்படியே இங்கு நடுவோம் என்போரின் அபிப்பிராயத்தை நாம் ஏற்கவில்லை. அக்கடல்களில் ஒரு வலையில் பெரும்பாலும் ஓரிரு வகை மீனே விழும்; நமது வலையிலோ பத்துப் பன்னிரண்டு வகை ஒன்றாக விழும். மேலும், பங்கு விற்பனைப் பொருளானதும் அது பணக்காரன் கைக்குப் போய்ச் சேர்வதை ஐஸ்லாந்தே கண்டது. நமக்கேற்ற வரம்பு வேறு: கடலில் தங்கும் நாள், வலைக்கண்ணின் அளவு, எந்திரத்தின் வலு, மீனின் குறைந்தபட்ச அளவு. கேரளம் 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்து, பின்னர் அதைப் பல வகைகளுக்கு விரித்தது. வளர்ந்தால் நூறு பேருக்கு உணவாகும் குஞ்சு மீன்கள் கோழித் தீவனமாகவும் மீன் மாவாகவும் அரைபடுவதைத் தடுக்க இதுவே வழி. கோழிப் பண்ணைகள் மிகுந்த பல்லடம் வட்டாரத்தார் இதை அயலார் விஷயமென்று கருதலாகாது.

இனிக் கணக்கு. இங்குதான் பெருங்குறை. இந்தியாவின் கடல் மீன் எவ்வளவு என்று நாம் ஆண்டுதோறும் படிக்கும் தொகை, 1947-ல் தொடங்கப்பட்டு இன்று கொச்சியில் நடைபெறும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார், இறங்குதுறைகள் சிலவற்றில் சில நாட்கள் மாதிரி பார்த்து மதிப்பிடுவது. விஞ்ஞான முறையில் செய்யும் மதிப்பீடாதலால் அது பயனுள்ளது. ஆனால் ஒவ்வொரு படகும் எங்கே, எத்தனை நாள், எந்த வலையால், என்ன பிடித்தது என்ற ஏடு வேறு. அது நம்மிடம் ஒழுங்காக இல்லை. ஐரோப்பிய யூனியன் 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் இல்லாத கடல் மீனை ஏற்பதில்லை. ஆமை தப்பும் சாதனம் வலையில் இல்லையென்று அமெரிக்கா 2019 முதல் நமது கடலிறாலைத் தள்ளிவைத்தது. ஆகவே ஏற்றுமதியாகும் மீனுக்கு மட்டும் கணக்கு உண்டாகிறது. பனியன் கம்பெனிகளின் கதையும் இதுவே. அன்னிய நாட்டு வியாபாரி கேட்டால் ஏடு எழுதுகிறோம்; நமது ஜனங்கள் கேட்டால் கையை விரிக்கிறோம். சுயராஜ்ய நாட்டுக்கு இது அழகன்று.

கணக்கு எழுதுவது ஏழை மீனவனுக்குத் தொல்லை என்று சொல்வோர் உண்டு. நாம் நேர்மாறாகவே கருதுகிறோம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இரண்டு சமயங்களிலும் பிழைப்பிழந்த சிறு மீனவன், தான் நேற்று வரை என்ன பிடித்தான் என்று காட்ட ஏடில்லாமல், குடும்பத்திற்கு இவ்வளவு என்று கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியவனானான். துறைமுகம் விரியும்போதும், ஆலைக் கழிவு கடலில் கலக்கும்போதும், எழுதிய கணக்கே அவனுடைய பட்டா. புதிய விதிகள் சிறு படகுக்குச் சீட்டு வேண்டாமென்றது சரி. ஆனால் அவனைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டால் அது சலுகையன்று, புறக்கணிப்பே ஆகும்.

காலம் கடந்தால் விளைவது என்ன என்பதற்கு நொய்யல் ஒன்றே சாட்சியன்று. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் நூற்றாண்டுகளாக ஜனங்களைக் காத்த காட் மீன், வரம்பை மேலும் மேலும் தளர்த்தியதால் அழிந்தது. 1992 ஜூலை 2-ந் தேதி அந்த சர்க்கார் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். ஏறக்குறைய 30,000 பேர் வேலையிழந்தனர். தலைமுறை ஒன்று கடந்தும் மீன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பட்டறையில் புது எந்திரம் வைத்துத் திருப்பூர் மீண்டது. வற்றிய கடலுக்கு வைக்க எந்த எந்திரமும் இல்லை.

ஆகையால் நாம் கோருவன இவை. இறங்குதுறை ஒவ்வொன்றிலும் படகு வாரியாகப் பிடிப்பு ஏடு தமிழில் எழுதப்படவேண்டும். ஏலம் நடக்கும் இடத்திலேயே மீனவர் சங்கமும் இலாகாவும் சேர்ந்து அதை எழுதட்டும். அத்தொகைகள் மாதந்தோறும் துறையிலேயே பகிரங்கமாக ஒட்டப்படவேண்டும். 12 மைலுக்குள் ராஜ்யம், அப்பால் மத்தி என்று சட்டம் கோடு கிழிக்கலாம். மீன் அக்கோட்டை அறியாது. எனவே இரு சர்க்கார்களும் ஒரே ஏட்டைப் பார்த்தே சீட்டும் வரம்பும் வழங்கவேண்டும். வரம்பு வகுக்கும் சபையில் கட்டுமரக்காரனுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும். இணையத்தில் மனுச் செய்யத் தெரியாதவன் தரகனிடம் அகப்படாதபடி, கூட்டுறவுச் சங்கங்களே சீட்டுப் பெற்றுத் தரவேண்டும்.

சீட்டு வழங்குவது எளிது; ஒரு குமாஸ்தாவும் முத்திரையும் போதும். வரம்பு வகுக்கத் துணிவு வேண்டும். கணக்குக் காட்ட நாணயம் வேண்டும். நொய்யலில் கடைசியது தவறியதால் கோர்ட் வந்து கதவைச் சாத்திற்று. கடலின் கதவைச் சாத்தும் நாள் வருமுன் இரு சர்க்கார்களும் விழித்துக்கொள்ளவேண்டும். தேசத் தொண்டர்கள் துறைகள்தோறும் சென்று அதற்கான குரலை எழுப்பவேண்டும்.