வாசற்படியும் பணியிடமே

2023 ஜனவரியில் ஹைதராபாத்தின் பஞ்சாரா ஹில்ஸ் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடிக்கு உணவுப் பொட்டலத்துடன் சென்ற 23 வயதுத் தொழிலாளி மீது அந்த வீட்டின் வளர்ப்பு நாய் பாய்ந்தது. தப்பிக்க முயன்ற அவர் மாடியிலிருந்து கீழே விழுந்து, சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். அதே ஆண்டு மே மாதம், அதே நகரின் மணிகொண்டா பகுதியில் மெத்தை ஒன்றை ஒப்படைக்கச் சென்ற மற்றொரு தொழிலாளி, வளர்ப்பு நாய் பாய்ந்ததால் மூன்றாவது மாடியிலிருந்து குதித்துக் காயமுற்றார். இறந்த இளைஞரின் குடும்பத்துக்கு முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் ரூபாய் கிடைத்தது அந்த ஆண்டு டிசம்பரில்தான். தெலுங்கானாவில் ஆட்சி மாறி, புதிய முதலமைச்சரைக் கிக் தொழிலாளர்கள் நேரில் சந்தித்த பிறகே அது நடந்தது. சட்டப்படி உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டிய இழப்பீடு, அரசின் கருணைத்தொகையாக வந்து சேர்ந்தது.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் நாய் எந்த இனம், உரிமையாளர் ஏன் அதைக் கட்டிவைக்கவில்லை என்ற இரு கேள்விகளோடு விவாதம் முடிந்துவிடுகிறது. அவை நியாயமான கேள்விகளே. ஆனால் அந்தத் தொழிலாளியை அந்த வாசலுக்கு அனுப்பியது யார் என்ற கேள்வி எழுவதில்லை. எந்த வீட்டுக்கு, எந்த வழியில், எத்தனை நிமிடங்களில் செல்ல வேண்டும், அதற்கு என்ன கூலி என்பதையெல்லாம் தீர்மானிக்கும் நிறுவனம், அந்த வாசலில் நேரும் விபத்துக்கு மட்டும் அந்நியமாகிவிடுகிறது.

ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி 2024இல் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவாகியுள்ளன. கடிபட்டவர்களில் எத்தனை பேர் வேலை நேரத்தில் இருந்த விநியோகத் தொழிலாளர்கள் என்பதை, மாநிலவாரியாகத் தொகுக்கப்பட்ட அந்தக் கணக்கு சொல்வதில்லை. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும், 2029-30இல் அந்த எண்ணிக்கை 2.35 கோடியாக உயரும் என்றும் மதிப்பிட்டது. தெருத்தெருவாக, வாசல் வாசலாகச் சென்று பிழைக்கும் இவ்வளவு பெரிய உழைப்பாளர் பகுதிக்கு நாய்க்கடி தற்செயலாக நேரும் துரதிர்ஷ்டம் அல்ல. அது இந்தத் தொழிலோடு பிணைந்த அபாயம்.

கடிபட்ட பின் நடப்பதைப் பார்த்தால் இந்த அபாயத்தின் வர்க்கத் தன்மை விளங்கும். காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே முதல் தடுப்பூசி போட்டாக வேண்டும். தோலில் போடும் முறையில் 3, 7, 28ஆம் நாட்களிலும், தசையில் போடும் முறையில் 3, 7, 14, 28ஆம் நாட்களிலும் ஊசி தொடர வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தில் செலுத்த வேண்டும். அது எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் கையிருப்பில் இருப்பதில்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அநேகமாக இயலாது. ஆகவே ஒரு தவணையைத் தவறவிடுவதும் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான். ஆனால் தொழிலாளியின் நேரம் இலவசம் அல்ல. ஒவ்வொரு தவணைக்கும் வரிசையில் நிற்கும் பொழுதில் செயலியை அணைத்து வைக்க வேண்டும். செயலி அணைந்தால் அன்றைய கூலி இல்லை. ஆர்டர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படும் ஊக்கத்தொகையும் கைநழுவும். கடி காலில் என்றால் பல நாட்களுக்கு வண்டியே ஓட்ட முடியாது. வண்டிக் கடனின் மாதத் தவணையோ காயம் ஆறும்வரை காத்திருப்பதில்லை. சம்பளத்துடன் கூடிய விடுப்பு இந்த வேலையில் கிடையாது. எனவே மூன்றாம் ஊசியா, மூன்று வேளை உணவா என்ற கொடிய தேர்வுக்கு அவர் தள்ளப்படுகிறார்.

சட்டம் இங்கே என்ன செய்கிறது? வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்று, காலனி ஆட்சிக் காலத்தில் இயற்றப்பட்ட 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது. முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டிய சுமையும் அதில் தொழிலாளி மீது சுமத்தப்படவில்லை. மோடி அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அந்தப் பொறுப்பைத் தன் ஏழாம் அத்தியாயத்தில் எடுத்துக்கொண்டுள்ளது. ஆனால் கிக் தொழிலாளர் என்பவர் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்று அதே தொகுப்பு வரையறுக்கிறது. அந்த ஒற்றை வரையறையால் இழப்பீட்டு அத்தியாயத்தின் கதவு அவருக்கு மூடப்படுகிறது. மாற்றாக, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு அளிக்க வேண்டும் என்கிறது. அதற்கும், தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்துள்ளது. நலத்திட்டம் தேவையானதே. ஆனால் அரசு அறிவிக்கும்போது கிடைக்கும் திட்டமும், விபத்து நேர்ந்ததும் முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையும் ஒன்றல்ல.

குற்றவியல் சட்டமும் பெரிதாகத் துணைநிற்பதில்லை. தன் பொறுப்பிலுள்ள விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராதபடி பாதுகாக்கத் தவறுவோருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகைசெய்கிறது. அபராதம் அரசுக் கருவூலத்துக்குச் செல்லும். கடிபட்டவரின் இழந்த கூலி திரும்பி வராது. வாடிக்கையாளர் மீது புகார் கொடுத்தால் மதிப்பெண் குறையுமோ, கணக்கு முடக்கப்படுமோ என்ற அச்சத்தில் காவல் நிலையத்தின் படியேறத் தயங்குவோரும் உண்டு.

ஒரே வாசலுக்குத் தபால்காரரும் வருகிறார், விநியோகத் தொழிலாளியும் வருகிறார். இருவரையும் ஒரே நாய் கடித்தால், அஞ்சல் துறையின் நிரந்தர ஊழியருக்கு மருத்துவ விடுப்பும் சம்பளமும் உண்டு. அவை தொழிற்சங்க இயக்கம் நெடுங்காலம் போராடிப் பெற்றவை. செயலியின் கீழ் உழைப்பவருக்கு அவை இல்லை. காரணம், அவரை ‘பங்குதாரர்’ என்று நிறுவனம் அழைக்கிறது. ஆதாயத்தில் பங்கில்லாமல் அபாயத்தில் மட்டும் பங்குள்ள விசித்திரமான பங்குதாரர் அவர்.

இதைத் தொழிலாளிக்கும் நாய்க்கும் இடையிலான சண்டையாகவோ, தொழிலாளிக்கும் குடியிருப்போருக்கும் இடையிலான பகையாகவோ சுருக்கிவிடக் கூடாது. மணி ஒலித்ததும் நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறப்பது ஒவ்வொரு வீட்டாரின் கடமை. விநியோகத் தொழிலாளர்கள் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று பலகை மாட்டும் குடியிருப்போர் சங்கங்களின் மனப்பான்மை கண்டிக்கத்தக்கது. ஆனால் வீட்டாரின் அலட்சியத்தைக் காட்டி நிறுவனம் தப்பிக்க அனுமதிக்கலாகாது.

தெருநாய்களைப் பொறுத்தவரை, கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுகின்றன. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோயின் பரவலைத் தடுக்க முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். போதிய நிதியும் கால்நடை மருத்துவர்களும் இன்றி உள்ளாட்சிகளை வறட்சியில் வைத்துவிட்டு, 2030க்குள் வெறிநோயை ஒழிப்போம் என்று ஒன்றிய அரசு அறிவிப்பதில் பொருளில்லை. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்கள் போன்ற வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றுமாறு 2025 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. விநியோகத் தொழிலாளிக்கோ நள்ளிரவுத் தெரு முழுவதுமே பணியிடம். அவருக்கான பாதுகாப்பு இத்தகைய பட்டியலுக்குள் அடங்காது. தெருவிலங்குகளால் பாதிக்கப்படுவோருக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாய்க்கடிக்கு ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று அது வரையறுத்தது. இந்த நெறி எல்லா மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட வேண்டும்.

கோரிக்கைகள் தெளிவானவை. வேலையின்போது நேரும் நாய்க்கடியைப் பணியிட விபத்தாக ஏற்று, சட்டத் தொகுப்பின் இழப்பீட்டு அத்தியாயத்துக்குள் கிக் தொழிலாளர்களைக் கொண்டுவர வேண்டும். சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். ஊசித் தவணை நாட்களுக்கும் ஓய்வு நாட்களுக்கும் சராசரிக் கூலி வழங்க வேண்டும். வீட்டில் நாய் உண்டா என்பதை வாடிக்கையாளர் செயலியில் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஆபத்து கண்டால் வாசலுக்கு வெளியிலேயே பொருளை ஒப்படைக்கவோ, தண்டனையின்றித் திரும்பவோ உரிமை வேண்டும். ராஜஸ்தானில் 2023இலும் கர்நாடகத்தில் 2025இலும் இயற்றப்பட்ட கிக் தொழிலாளர் சட்டங்கள், அமைப்பாகத் திரண்டவர்களின் குரலுக்கு அரசுகள் செவிசாய்க்க நேரும் என்பதற்குச் சான்று. 2025 டிசம்பர் 31 அன்று விநியோகத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம், பத்து நிமிட விநியோகம் என்ற மனிதத்தன்மையற்ற வேகத்தை நாடறிய எதிர்த்தது.

கோரிக்கை வெல்லும்வரை காத்திருக்க முடியாத வேலையும் இருக்கிறது. கடிபட்டவரை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். விபத்துப் பதிவேட்டில் இடமும் நேரமும் வேலையின் தன்மையும் எழுதப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். நிறுவனம் கணக்கை முடக்கும் முன் செயலியிலுள்ள ஆர்டர் விவரத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு அவரைத் தனியே அனுப்பாமல் உடன் செல்ல வேண்டும். 28ஆம் நாள் ஊசி வரை அவரைத் தொடர்ந்து விசாரிக்க வேண்டும். சங்கம் என்றால் என்ன என்பதை இந்த 28 நாட்களில் ஓர் இளம் தொழிலாளி தன் அனுபவத்தில் அறிந்துகொள்வார். கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கத் தோழர்களும் தத்தம் பகுதிகளில் இப்பணியை உடனே தொடங்க வேண்டும்.