கோடை விடுமுறையும் கொதிக்கும் கடலும்

ஆண்டுத் தேர்வு முடியும் தறுவாயில் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளின் பயண முகவர் அலுவலகங்களில் முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சிப்போனால் சிம்லா என்ற பெயர்கள்தாம் அடிபட்டன. இன்று அந்தப் பட்டியலில் ஹேவ்லாக், பங்காரம், மாலத்தீவு ஆகியவையும் இடம்பிடித்துவிட்டன. நான்கு பகல், மூன்று இரவு. அதில் ஒரு நாள் குடும்பமே முதுகில் காற்று உருளையுடன் கடலுக்குள் இறங்கும் 'ஸ்கூபா டைவிங்'. இதைச் செய்தித்தாள்களில் 'ஆழ்கடல் நீச்சல்' என்று எழுதுகிறோம். உண்மையில் புதியவர்களை அழைத்துச் செல்வது அதிகபட்சம் 12 மீட்டர் ஆழத்துக்குத்தான். ஏறத்தாழ நான்கு மாடி உயரம்.

செல்வந்தர்களின் கேளிக்கையாக இருந்த ஒன்று மாதச் சம்பளக் குடும்பங்களுக்கும் எட்டியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், இந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது விமானக் கட்டணத்தையும் விடுதி அறையின் படங்களையும் பார்க்கும் நாம், கடலின் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. நம் பள்ளிகளின் விடுமுறைக்கும் பவளப்பாறைகளின் துன்பக் காலத்துக்கும் இடையிலான பொருத்தம் அச்சமூட்டுவதாக இருக்கிறது.

எந்தத் தீவு என்ற விவாதத்தை அரசியல் கைப்பற்றிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். 2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி லட்சத்தீவுக்குச் சென்று வந்ததை மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் இழிவுபடுத்திப் பதிவிட, அவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 'மாலத்தீவைப் புறக்கணிப்போம்' என்ற முழக்கம் இந்தியா முழுவதும் எழுந்தது. 2023-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சென்ற அந்நாட்டுக்கு 2024-இல் சுமார் 1.3 லட்சம் பேரே சென்றனர். 2025 ஜூலையில் அந்நாட்டின் 60-ஆவது விடுதலை நாள் விழாவில் இந்தியப் பிரதமரே சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்டதோடு அந்தப் பூசல் பெருமளவு தணிந்தது. ஆனால் மாலத்தீவா, லட்சத்தீவா என்று தேசப்பற்றைத் துலாக்கோலாக்கிப் பேசிய அந்த மாதங்களில் இரு தீவுக்கூட்டங்களையும் சூழ்ந்திருந்த கடல் ஒன்றுபோலச் சூடேறிக்கொண்டிருந்ததை வெகு சிலரே கவனித்தனர்.

பவளம் ஓர் உயிரி. அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. கோடையின் வழக்கமான உச்ச வெப்பநிலையைவிடக் கடல்நீர் ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் போதும், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். அந்தமான், லட்சத்தீவு, மன்னார் வளைகுடா ஆகிய மூன்றிலும் கடல்நீர் உச்ச வெப்பத்தை எட்டுவது ஏப்ரல், மே மாதங்களில். தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்படும் அதே மாதங்கள்.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் எல் நினோ கோடைகள் லட்சத்தீவின் பவளத்திட்டுகளை அடுத்தடுத்துத் தாக்கின. மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் அகத்தி, கடமத், கவரத்தி தீவுகளில் 24 ஆண்டுகள் தொடர்ந்து மேற்கொண்ட ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. 1998-இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளத்தின் பரப்பு, 2022-இல் ஏறத்தாழ 19 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. ஏறக்குறைய பாதி போய்விட்டது. இந்தக் கணக்கு முடிந்த பிறகு வந்ததுதான் 2024-ஆம் ஆண்டுக் கோடை. உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நிகழ்வு என்று அந்த ஏப்ரலில் பன்னாட்டு அறிவியல் அமைப்புகள் அறிவித்தன. மே மாதத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் லட்சத்தீவில் கடும் வெளிறலைப் பதிவு செய்தது.

பவளத்தைக் கொல்வது புவி வெப்பமாதல்; சென்னையிலிருந்து செல்லும் ஒரு குடும்பமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், காய்ச்சலில் கிடப்பவரின் அறைக்குள் கூட்டம் நுழைவது நோயை உண்டாக்காவிட்டாலும் தேறுவதைத் தாமதப்படுத்தும். முதன்முறை நீரில் இறங்குபவருக்கு உடலைச் சமநிலையில் நிறுத்தத் தெரியாது. காலில் மாட்டிய துடுப்பு பவளக் கிளையை உடைக்கும். கிளப்பிய மணல் அதன்மேல் படியும். படம் எடுப்பதற்காகக் கை தன்னையறியாமல் பாறையைப் பற்றும். 2016 வெளிறலின்போது தாய்லாந்து தன் புகழ்பெற்ற நீர்மூழ்கு தலங்களில் பத்தை மூடியது. சுற்றுலாவை நம்பியே வாழும் நாடு, வருவாய் இழப்பைப் பொறுத்துக்கொண்டு எடுத்த முடிவு அது.

நம்மிடம் அறிவியல் இல்லாமல் இல்லை. ஹைதராபாதில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு அந்தமான், லட்சத்தீவு, மன்னார் வளைகுடா உள்ளிட்ட பகுதிகளுக்குப் பவள வெளிறல் எச்சரிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையேறுகின்றன. பவள எச்சரிக்கை வந்தால் சுற்றுலாப் படகுகளும் அதேபோல நிறுத்தப்பட வேண்டும். எந்த அளவு எச்சரிக்கைக்கு எந்தத் தலம் மூடப்படும், முன்பதிவுத் தொகை எவ்வாறு திருப்பித் தரப்படும் என்று தீவு நிர்வாகங்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், முகவரும் பயணியும் அதற்கேற்பத் திட்டமிடுவார்கள். இதற்குப் புதிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை.

தீவுகளின் தாங்குதிறன் பற்றியும் ஒரு சொல். லட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பின்படி 64 ஆயிரத்துச் சொச்சம். மணலுக்கடியில் மெல்லிய படலமாக நிற்கும் நன்னீரே அவர்களின் பாரம்பரிய நீராதாரம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை 2005-இல் கவரத்தியில் அமைத்துக் கொடுத்தது, நம் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். மேற்பரப்பின் வெந்நீரை ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்நீரால் அதைக் குளிர்விக்கும் அந்த நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த 2019 கோடையை மறக்காத சென்னைவாசிக்கு இந்த அளவின் பொருள் எளிதில் புரியும். சுஹேலி, கடமத் தீவுகளில் சொகுசு விடுதிகள் 2023-இல் அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், தாங்குதிறனைப் பற்றிய கேள்வி முதலில் கேட்கப்பட வேண்டியது.

இனி, பாதுகாப்பு. 2018-இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிமுறைகளில் ஸ்கூபாவுக்கும் இடமுண்டு. ஆனால் அவை நெறிமுறைகளே. சட்டத்தின் வலிமை அவற்றுக்கு இல்லை. எனவே விழிப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு பெற்றோரின் தலையில் விழுகிறது. பன்னாட்டுப் பயிற்சி அமைப்பான 'பாடி'யின் விதிப்படி, பத்து வயது நிரம்பாத குழந்தையைக் கடலில் ஸ்கூபாவுக்கு இறக்கக் கூடாது. எட்டு வயது நிரம்பியவர்களுக்கு இரண்டு மீட்டர் ஆழத்துக்குட்பட்ட தொடக்கப் பயிற்சி மட்டுமே உண்டு. 'பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் மையத்திலிருந்து அந்தக் கணமே திரும்பிவிடுவது நல்லது.

மருத்துவ வினாப்படிவம் கடற்கரையில், நீருடை மாட்டிக்கொண்ட பின் நீட்டப்படுவது வழக்கமாகிவிட்டது. வெளியில் படகு காத்திருக்க, எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று கோடிட்டுக் கையெழுத்திடுகிறோம். மகனின் வீசிங், தந்தையின் இரத்த அழுத்தம், தாயின் காதுக் கோளாறு ஆகியவை அந்தக் கோட்டுக்குள் மறைந்துபோகின்றன. அந்தப் படிவத்தைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கிக் குடும்ப மருத்துவரிடம் காட்டுவதற்குச் செலவு மிகக் குறைவு.

நான்கு நாள் திட்டங்களின் பெரிய குறை கடைசி நாளில் இருக்கிறது. நீரழுத்தத்தில் உடல் திசுக்களில் கரையும் நைட்ரஜன் மெதுவாகவே வெளியேறும். அதற்குள் விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்துக்குச் சென்றால் அது குமிழிகளாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை ஏற்படுத்தக்கூடும். ஒருமுறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது மருத்துவப் பரிந்துரை. மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டாவது முறையாக மூழ்கி எழுந்தவர் மறுநாள் காலை ஏழு மணி விமானத்தைப் பிடித்தால் இடைவெளி 16 மணி நேரம்தான். ஆகவே ஸ்கூபாவை இரண்டாம் நாளிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பயணக் காப்பீட்டில் இது அடங்குமா என்பதையும் எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும்.

அப்படியானால் எப்போது செல்வது? அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை கடல் தெளிந்தும் ஒப்பீட்டளவில் குளிர்ந்தும் இருக்கும். பொங்கல் விடுமுறையுடன் இரண்டு நாள் விடுப்புச் சேர்த்தால் ஒரு பயணம் அமைந்துவிடும். மே மூன்றாம் வாரத்திலேயே தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடுவதால், கோடை விடுமுறையின் பிற்பாதியில் செல்பவர் மழையையும் கலங்கிய நீரையுமே பார்த்துத் திரும்ப நேரிடும். இலங்கையின் திருகோணமலைக் கடற்கரை மட்டும் இதற்கு விலக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு ஆட்பட்ட அக்கரையில் மே முதல் செப்டம்பர் வரைதான் பருவம். ஆனால், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத் தீவின் பவளத்திட்டு மிகச் சிறியது; அங்கும் கூட்டமே முதன்மைச் சிக்கல்.

ஏப்ரல், மே மாதங்களுக்குச் செய்ய வேண்டியது சென்னையிலேயே இருக்கிறது. மெரினாவிலும் வேளச்சேரியிலும் பொது நீச்சல் குளங்கள் உள்ளன. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாத நம் பிள்ளைகள் இந்தக் கோடையில் மிதக்கவும், மூச்சை அடக்கவும், முகத்தை நீரில் அமிழ்த்தவும் கற்றுக்கொண்டால், வரும் பொங்கலுக்குத் தீவில் இறங்கும்போது பதற்றத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் பற்றிக்கொள்ள மாட்டார்கள்.