240 இடங்களுக்குப் பிறகு: பா.ஜ.க. எத்திசையில் செல்கிறது?



2024 ஜூன் 4 அன்று அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் பள்ளிவாசலின் ஹவ்ழ் ஓரத்தில் பெரியவர்கள் சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். 303 இடங்களோடு இருந்த பாரதீய ஜனதா கட்சி 240-க்கு இறங்கிக்கொண்டிருந்தது. தனிப் பெரும்பான்மைக்குத் தேவையான 272 இல்லை. "இனி நாயுடுவையும் நிதிஷையும் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாது" என்றார் ஒரு ஹஜ்ரத். அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் சொன்னேன். அந்தக் கணிப்பு தவறிப் போனது. ஏன் தவறியது என்பதை நம் குடும்பங்களில் அமைதியாகப் பேசிக்கொள்வது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெரியவர்களிடம் ஒரு பழைய அனுபவம் இருந்தது. வாஜ்பாய் காலத்தில் அக்கட்சி கூட்டணிக்காகத் தன் மூன்று பெரிய கோரிக்கைகளை, அதாவது அயோத்தி கோயில், 370-ஆவது பிரிவு நீக்கம், பொது சிவில் சட்டம் ஆகியவற்றை, ஓரமாக வைத்தது. தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் வெவ்வேறு ஆண்டுகளில் அந்தக் கூட்டணியில் இருந்தவைதாம். கூட்டாளிகள் கடிவாளமாக இருப்பார்கள் என்ற நம்பிக்கை அங்கிருந்தே வந்தது.

2025 ஏப்ரல் அந்த நம்பிக்கையை உடைத்தது. வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288-க்கு 232 என்றும், மாநிலங்களவையில் 128-க்கு 95 என்றும் நிறைவேறியது. 16 உறுப்பினர்களைக் கொண்ட தெலுங்கு தேசமும் 12 உறுப்பினர்களைக் கொண்ட ஐக்கிய ஜனதா தளமும் மறுத்திருந்தால் மக்களவையில் அது தத்தளித்திருக்கும். அவை மறுக்கவில்லை. சில திருத்தங்களைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு ஆதரித்தன. நம் மாநிலத்தில் நடந்ததும் குறைந்ததன்று. மாநிலங்களவையில் அம்மசோதாவை எதிர்த்த அ.தி.மு.க., ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, பா.ஜ.க.வுடன் கூட்டணி கண்டது.

அதன் பின் நடந்தவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஹரியானா, மகாராஷ்டிரம், டெல்லி, பீகார் என்று வரிசையாக வெற்றி. பீகாரில் நிதிஷ் குமாரின் கட்சியைவிடக் கூடுதல் இடங்களை வென்று பா.ஜ.க. தனிப் பெரும் கட்சியானது. பாதையை மாற்றிக்கொள்ளும் தேவை இல்லை என்று அதன் தலைவர்கள் முடிவு செய்திருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. மத்தியில் தயங்கும் காரியங்களை மாநிலங்கள் வழியாகச் செய்வதுதான் இனி அதன் போக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. உத்தரகண்ட் 2025 ஜனவரியில் பொது சிவில் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 'பொது' என்று பெயர், ஆனால் பழங்குடியினருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அதே மாநிலம் மத்ரஸா வாரியத்தையே கலைக்கும் சட்டத்தையும் இயற்றியது. நம் ஊர் மக்தபுகள் அத்தகைய வாரியத்தின் கீழ் இல்லை என்றாலும், ஒரு மத்ரஸா ஆசிரியனால் அச்செய்தியை எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

அப்படியானால் இக்கட்சி ஒருபோதும் பின்வாங்காதா? பின்வாங்கியிருக்கிறது. மூன்று வேளாண் சட்டங்களை 2021 நவம்பர் 19 அன்று திரும்பப் பெறுவதாகப் பிரதமரே அறிவித்தார். அவ்வளவு தூரம் போவானேன், நம் ஆலங்குடி வட்டத்து நெடுவாசலை எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து அம்மக்கள் அமர்ந்தார்கள். பலாவும் பூவும் விளையும் மண் அது. சாதி, மதம், கட்சி எதுவும் அந்தப் பந்தலில் கேட்கப்படவில்லை. திட்டம் நின்றது. 2020-இல் மாநில அரசு இயற்றிய வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் திருவரங்குளம் ஒன்றியமும் இடம்பெற்றது.

தன் சொந்த வாக்காளருக்கு வலிக்கும்போது மட்டும் இக்கட்சி நிற்கிறது என்பதே என் கணிப்பு. வக்ஃப் விவகாரத்தில் பெரும்பாலும் நாம் மட்டுமே வீதியில் நின்றோம். அது நம் உள்வீட்டு விஷயம் என்று அண்டை வீட்டார் எண்ணினர். எண்ணும்படி விட்டவர்களும் நாம்தாம். எத்தனை ஊர்களில் வக்ஃப் கடைகளில் இந்துச் சகோதரர்கள் தலைமுறையாக வாடகைக்கு இருக்கிறார்கள்! வக்ஃப் என்றால் என்ன, உமர் (ரலி) தம் கைபர் நிலத்தை எப்படி அறத்துக்காக நிறுத்தி வைத்தார்கள் என்று அவர்களில் ஒருவருக்காவது நாம் சொல்லியிருக்கிறோமா?

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. வக்ஃப் நிர்வாகத்தில் குறையே இல்லை என்று சொல்ல என் நா எழவில்லை. 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், அரசு நிலமா என்பதை அதிகாரியே தீர்மானிக்கும் அதிகாரமும் அவற்றில் அடங்கும். ஆனால் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியில் நீதிமன்றம் கைவைக்கவில்லை. 1923 முதலே அக்கடமை இருந்து வருவதை அது சுட்டிக்காட்டியது. அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.

உமீத் தளத்தில் பதிவேற்றுவதற்காக இப்பகுதியில் ஒரு பள்ளிவாசலின் பத்திரங்களைத் தேடினோம். தகரப் பெட்டியில் இருந்தவற்றில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் சர்வே எண் இன்றைய பட்டாவோடு பொருந்தவில்லை. கணினி தெரிந்த இரண்டு வாலிபர்கள் இஷாவுக்குப் பிறகு பல இரவுகள் கண்விழித்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. காலக்கெடுவை நீட்டிக்க முடியாது, தீர்ப்பாயத்தை அணுகுங்கள் என்று டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது எங்கள் வேலை முடிந்திருக்கவில்லை.

அந்நாட்களில் ஒரு மாலை, பள்ளிவாசல் கடையொன்றில் தையல் இயந்திரம் போட்டிருக்கும் முதியவர் என்னைத் தேடி வந்தார். நம் சமுதாயத்தவர் அல்லர். தம் தகப்பனார் காலத்து வாடகை ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். "ஹஜ்ரத், கடை யாருக்குப் போகும்? இதெல்லாம் உதவுமா?" என்று கேட்டார். எங்களிடம் இல்லாத ஆண்டுகளின் ரசீதுகள் அவரிடம் இருந்தன. அவற்றைப் படியெடுக்க அந்த வாலிபர்களில் ஒருவரை அவருடன் அனுப்பி வைத்தேன்.